பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு எந்த லென்ஸ்?

பழைய லென்ஸ் தேடுகிறவர்களின் பேச்சு கடைசியில் ஓர் எண்ணில்தான் போய் நிற்கும். எஃப் 2 என்றால் தனி மரியாதை. எஃப் 2.8 என்றால் "பரவாயில்லை". எஃப் 3.5 என்றால் அதற்குமேல் விசாரிக்க மாட்டார்கள். துவாரம் எவ்வளவு பெரிதாகத் திறக்கிறதோ லென்ஸ் அவ்வளவு உசத்தி என்ற இந்தக் கணக்குக்கு பிலிம் காலத்தில் நியாயம் இருந்தது. 400 ஐஎஸ்ஓ பிலிமைத் தாண்டினால் படம் புள்ளி புள்ளியாக உடையும். அதனால் ஒரு ஸ்டொப் வெளிச்சத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்தார்கள். அதே லென்ஸை இன்றைய மிரர்லெஸ் கெமராவில் பூட்டிக்கொண்டு ஊவா மலையகத்தின் லயத்துக்குள் நுழைகிறவருக்கும் அந்தக் கணக்கு ஒத்துவருமா? இந்தக் கட்டுரை எடைபோடுவது அதைத்தான்.

லயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தியலும நீர்வீழ்ச்சியையோ லிப்டன் ஆசனத்திலிருந்து தெரியும் மலைகளையோ எஃப் 8இல் எடுக்கும்போது நல்ல நிலையில் உள்ள எந்த லென்ஸும் தேறிவிடும். அகலக் கோணமும் வேகமும் ஒருசேரத் தேவைப்படுவது, ஒரு கதவும் சின்ன ஜன்னலும் அடுப்புப் புகை ஏறிய சுவரும் உள்ள லயக் காம்பராவில்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மீரியபெத்த என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் படங்கள் சேறு, பெக்கோ இயந்திரம், கதறும் முகம், சரிவைப் பார்த்து நிற்கும் கூட்டம். எல்லாமே சம்பவத்துக்குப் பிறகு வெளியே நின்று எடுத்தவை. அந்தக் காம்பராக்களுக்குள் எத்தனை பேர் எவ்வளவு இடத்தில் புழங்கினார்கள் என்பதை அந்தப் படங்களிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஊவாவில் சரிவின் கீழே இன்னும் லயங்கள் நிற்கின்றன. அவற்றின் உள்ளே எடுக்கும் படம் நாளைக்கு ஒரு மனுவோடு, ஓர் அறிக்கையோடு, காணி கேட்கும் கடிதத்தோடு போகக்கூடியது. ஆகவே அதற்கான லென்ஸைச் சாட்சிக்கு உரிய அளவுகோலால் பார்க்க வேண்டும். அறையின் அளவைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுகிறதா? ஓரத்தில் நிற்பவரின் முகத்தைக் கெடுக்காமல் விடுகிறதா? முழுக் குடும்பமும் தெளிவாக விழுமா? திறந்த கதவின் வெளிச்சத்தைத் தாங்குமா? மலைநாட்டு ஈரத்தில் பிழைக்குமா? விலை இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் கோணம். லயக் காம்பராவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது ஏறத்தாழ 3.05க்கு 3.66 மீற்றர். குறுகிய சுவரில் முதுகை ஒட்டி நின்றால், எடுப்பவர் உடம்புக்கும் கெமராவுக்கும் ஓர் அடி போக, எதிர்ச்சுவர் 3.3 மீற்றர் தூரத்தில் இருக்கும். ஃபுல் ஃப்ரேம் சென்சரின் அகலம் 36 மில்லிமீற்றர். இனி வெறும் வகுத்தல் கணக்குத்தான். 35 மில்லிமீற்றர் லென்ஸில் எதிர்ச்சுவர் படத்தின் அகலத்தில் 90 சதவீதத்தை அடைக்கும். பக்கச் சுவர்கள் ஓர் அடிதான் தெரியும். 28இல் எதிர்ச்சுவர் 72 சதவீதம், இரு பக்கச் சுவர்களும் மும்மூன்று அடி தெரியும். 24இல் 62 சதவீதம், பக்கத்துக்கு நாலடி. 20க்கு வந்தால் எதிர்ச்சுவர் படத்தின் பாதிதான், பக்கச் சுவர் ஐந்தடிக்கு மேல் நீளும்.

இந்த எண்கள் சொல்லும் சேதி எளிது. 35 மில்லிமீற்றர் அறையைக் காட்டாது, ஒரு சுவரைத்தான் காட்டும். 20 மில்லிமீற்றரில் எதிர்ச்சுவர் சிறுத்து எங்கோ போய் நிற்க, பக்கச் சுவர்கள் நீண்டு ஓட, பத்தடிக் காம்பரா கலியாண மண்டபமாகத் தெரியும். வீடு விற்கிற விளம்பரக்காரருக்கு அது வசதி. இட நெருக்கடியைச் சொல்ல வந்தவருக்கோ தன் வழக்கைத் தானே தோற்கடிக்கிற வேலை. கைப்பேசியில் 0.5 என்று போட்டிருக்கும் அதியகலக் கோணம் இந்தத் தவறை இன்னும் பெரிதாகச் செய்யும். ஓர் அறையில் ஏழு பேர் என்று கீழே எழுதியிருக்க, மேலே படத்தில் தாராளமாக இடம் கிடக்கும்.

அடுத்தது முகம். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும் ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருளை அகலவாக்கில் இழுக்கும். பழைய லென்ஸானாலும் புதிய லென்ஸானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. படத்தின் இடது, வலது ஓரத்தில் இருக்கும் தலை, 35இல் 12 சதவீதம் அகலமாகும். 28இல் 19, 24இல் 25, 20இல் 35. குடும்பப் படத்தில் ஓரத்துக்குத் தள்ளப்படுவது பெரும்பாலும் கதவோரம் நிற்கும் பாட்டியோ, இடுப்பில் பிள்ளையோடு ஒதுங்கி நிற்கும் மருமகளோதான். அவர்கள் முகத்தில் கால்வாசிக்கு மேல் கூட்டிவைப்பது மரியாதைக்குறைவு. 19 சதவீதமும் சும்மா விடக்கூடியதல்ல. ஆனால் ஆட்களை ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே நிறுத்திச் சமாளித்துவிடலாம். 20இல் அப்படிச் சமாளிக்க இடமில்லை, 24இல் கஷ்டம். ஆகக் கோணத்தைப் பொறுத்தவரை 28 மில்லிமீற்றர் வெல்கிறது. இரண்டு பேர் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிற படத்துக்கு 35 இன்னும் நல்லது. ஆனால் ஒரே லென்ஸ்தான் என்றால் 28.

இனி எஃப் 2ஆ, 2.8ஆ என்ற சண்டை. எஃப் 2இன் பக்கத்து நியாயத்தை முதலில் முழுமையாக வைத்துவிடுவோம். மழை மூடிய பகலில், கதவு திறந்திருக்கும் காம்பராவின் உள்மூலைக்கு எஃப் 2இல் 1/60 செக்கனுக்கு ஐஎஸ்ஓ 1600 அளவில் தேவைப்படும். எஃப் 2.8 என்றால் 3200. இன்றைய ஃபுல் ஃப்ரேம் சென்சர் 3200இல் சஞ்சிகையில் முழுப்பக்கம் அச்சிடும் தரத்தில் படம் தரும் என்பது உண்மை. ஆனால் புள்ளி விழுவதோடு விஷயம் முடிவதில்லை. ஐஎஸ்ஓ ஒவ்வொரு தடவை இரட்டிக்கும்போதும், இருளையும் வெளிச்சத்தையும் ஒருசேரப் பிடிக்கும் சென்சரின் வீச்சு ஏறத்தாழ ஒரு ஸ்டொப் குறைகிறது. திறந்த கதவுக்கு வெளியே உள்ள வெளிச்சம் உள்மூலையைவிட எட்டு ஸ்டொப் வரை கூடுதலாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஸ்டொப் வீச்சு சின்ன விஷயமல்ல. எஃப் 2 லென்ஸுக்கு இதைவிட வலுவான வக்காலத்து கிடையாது. அதை வாங்கச் சொல்கிறவர்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆனால் அந்த ஸ்டொப்பைக் கையில் வாங்கும்போது இரண்டு கழிவு போகிறது. ஒன்று, ஆழம். 28 மில்லிமீற்றர் லென்ஸை இரண்டு மீற்றரில் ஃபோகஸ் செய்தால், எஃப் 2இல் தெளிவாக விழும் ஆழம் 63 சென்ரிமீற்றர். எஃப் 2.8இல் 90. எஃப் 4இல் 135. பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கும் தகப்பனுக்கும் இடையில் இரண்டடிக்கு மேல் இருக்கும். எஃப் 2இல் யாராவது ஒருவர் மங்கித்தான் ஆகவேண்டும். 63 சென்ரிமீற்றர் ஒரு முகத்துக்குப் போதும், ஒரு குடும்பத்துக்குப் போதாது. லென்ஸை அகலத் திறந்து ஒரே ஒரு முகத்தை மட்டும் மிதக்கவிடும் அழகுக்கு நம் நாட்டிலேயே பெரிய முன்னோடி இருந்திருக்கிறார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டிலேயே இறந்த ஜூலியா மார்கரெட் கமரூன் அந்தக் கலையில் கைதேர்ந்தவர். அவர் அதற்குத் தேர்ந்துகொண்டதும் முகத்தைத்தான், அறையை அல்ல.

இரண்டாவது கழிவு, கதவு. பழைய எஃப் 2 அகலக் கோண லென்ஸ்கள் முழுத் திறப்பில் வெளிச்சமான விளிம்பைச் சுற்றிப் பால் வடிந்தாற்போல் ஒரு பரவலைக் காட்டும். கதவு நிலையை ஒட்டிய இருட்டுக்குள் அந்த வெண்மை கசிந்து, உள்மூலையின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். சென்சர் காப்பாற்றித் தந்த ஒரு ஸ்டொப் வீச்சைக் கண்ணாடி இந்த வழியில் திருப்பி எடுத்துக்கொள்கிறது. எஃப் 2.8க்கு மூடினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அப்போது நாம் பயன்படுத்துவது எஃப் 2 விலை கொடுத்து வாங்கிய ஓர் எஃப் 2.8 லென்ஸ்.

"2.8க்கு மூடிய எஃப் 2 லென்ஸ், முழுதாகத் திறந்த 2.8 லென்ஸைவிட நல்லதுதானே?" என்ற கேள்வி எழும். பொதுவாக ஆம். ஆனால் இங்கே விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் சொல்லித்தான் பேச வேண்டும்.

1981இல் வந்த நிக்கோர் 28 மில்லிமீற்றர் எஃப் 2.8 ஏஐ-எஸ் லென்ஸில் எட்டுக் கண்ணாடிகள், எட்டும் தனித்தனி. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே ஒரு பகுதி தனியாக நகர்ந்து பிழையைத் திருத்திக்கொள்ளும். நிக்கோன் இந்த ஏற்பாட்டை 1967இல் தன் 24 மில்லிமீற்றர் எஃப் 2.8இல் முதன்முதலில் கொண்டுவந்தது. இது ஏன் நமக்கு முக்கியம்? அகலக் கோண லென்ஸ்கள் வழக்கமாகத் தொலைவுக்குக் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. காம்பராவுக்குள் எல்லாமே ஒன்றிலிருந்து மூன்று மீற்றருக்குள். அந்தக் கிட்டத்தில் படத்தின் மூலைகள் குழையாமல் இருப்பது, எஃப் எண்ணைவிடப் பயன்படும் குணம். இந்த லென்ஸ் 20 சென்ரிமீற்றர் வரை நெருங்கும். கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்களையும் அவற்றுக்குப் பின்னால் அடுப்பையும் ஒரே படத்தில் கொண்டுவர இது போதும். எடை ஏறத்தாழ 250 கிராம்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடமும் இதுதான். நிக்கோனின் 28 எஃப் 2.8 என்று பல லென்ஸ்கள் புழங்குகின்றன. சீரிஸ்-ஈ என்று எழுதியது ஐந்தே கண்ணாடி கொண்ட சிக்கன வார்ப்பு. அதற்கு முந்திய ஏஐ வடிவத்தில் தூர அளவுகோல் 0.3இல் நின்றுவிடும். நமக்கு வேண்டியதில் அது 0.2 வரை போகும். விற்பவர் என்ன சொன்னாலும் வளையத்தைத் திருப்பி அந்த எண்ணைப் பாருங்கள்.

எஃப் 2 பக்கத்தில் மதிக்கத்தக்கவை நிக்கோர் 28 எஃப் 2, ஒலிம்பஸ் ஸுயிகோ 28 எஃப் 2, கெனன் எஃப்டி 28 எஃப் 2, மினோல்டா ரொக்கோர் 28 எஃப் 2. நிக்கோரிலும் கிட்டத் திருத்தம் உண்டு. ஆனால் எடை 360 கிராம் அளவு, விலை 2.8ஐவிட நன்றாகவே மேலே. ஸுயிகோவின் பெருமை அதன் சின்ன உடம்பு: எஃப் 2 லென்ஸாக இருந்தும் 49 மில்லிமீற்றர் பில்டரோடு அடங்கிவிடும், சாரத்து மடிப்பிலோ ஜெக்கட் பையிலோ போட்டுக்கொள்ளலாம். கிரோன் நிறுவனம் செய்து விவிடார் பெயரில் விற்ற 28 எஃப் 2 மலிவாகக் கிடைக்கும். துவாரத் தகடுகளில் எண்ணெய் இறங்குவது அதன் பேர்போன நோய். ஸைஸ் டிஸ்டகான் 28 எஃப் 2, "ஹொலிவுட்" என்ற பட்டப்பெயரோடு சேகரிப்பாளர்களின் விலைக்குப் போய்விட்டது, நமக்கு ஆகாது. 24 எஃப் 2 லென்ஸ்கள் மூலைக் குழைவாலும் விலையாலும், முன்பே பார்த்த கோணக் கணக்காலும் மூன்று தடவை தோற்கின்றன.

ரேஞ்ச்ஃபைண்டர் கெமராக்களுக்கான பழைய அகலக் கோண லென்ஸ்கள் அழகாக, சின்னதாக இருக்கும். ஆனால் அவற்றின் பின்கண்ணாடி சென்சரை மிக ஒட்டி வரும். ஒளி சாய்வாக விழ, சென்சருக்கு முன்னால் உள்ள தடித்த வடிகட்டிக் கண்ணாடியில் மூலைகள் இழுபட்டு நிறமும் மாறும். எஸ்எல்ஆர் லென்ஸ்கள் உள்ளே மடங்கும் கண்ணாடிக்கு இடம் விட்டுக் கட்டப்பட்டவை. அதே இடைவெளி டிஜிட்டல் காலத்தில் அவற்றைக் காப்பாற்றுகிறது.

பூட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை, ஒரு கணக்குத் தெரிந்திருந்தால். லென்ஸ் பூட்டுக்கும் சென்சருக்கும் இடையே நிக்கோன் எஃப் கேட்பது 46.5 மில்லிமீற்றர், ஒலிம்பஸ் ஓஎம் 46, மினோல்டா 43.5, கெனன் எஃப்டி 42. சோனி ஈ பூட்டில் இருப்பது 18 மட்டும். மிச்ச இடத்தை ஒரு வெற்றுக் குழாய் அடெப்டர் நிரப்பிவிடும். கண்ணாடி கொண்ட பழைய கெனன் ஈஓஎஸ் கெமராவில் 44 இருப்பதால் எஃப்டியும் மினோல்டாவும் அதில் தொலைவுக்கு ஃபோகஸ் ஆகாது. நிக்கோரும் ஸுயிகோவும் பொருந்தும். நாளைக்குக் கெமராவை மாற்றினாலும் கூடவே வரக்கூடியது நிக்கோர்தான்.

ஏபிஎஸ்-சி சென்சர் வைத்திருப்பவருக்குத் தீர்ப்பு மாறும். அதில் 28 என்பது 42 மில்லிமீற்றரின் பார்வை. காம்பராவுக்குள் முதுகைச் சுவரில் இடித்துக்கொண்டாலும் குடும்பம் அடங்காது. 28இன் பார்வை வேண்டுமானால் 18 அல்லது 19 மில்லிமீற்றர் தேவை. அந்த அளவில் பழைய காலத்தில் வேகமான லென்ஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒளியைச் சுருக்கும் கண்ணாடி கொண்ட 0.71 மடங்கு அடெப்டரைப் போட்டால் 28 எஃப் 2.8 லென்ஸ், 20 எஃப் 2 போல வேலை செய்யும். ஆனால் மலிவான அடெப்டர்களில் மூலைகள் கெடும், நல்லதன் விலைக்குப் புதிய லென்ஸே வாங்கிவிடலாம். வாங்குவதே நல்லது.

எந்தப் பெயரை வாங்கினாலும், மலைநாட்டில் அதைவிட முக்கியம் அந்தத் தனி லென்ஸின் உடல்நிலை. மழைக்காலம் முழுக்கத் தோல் உறையில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் அதிசயம். கடையில் நின்றபடி இப்படிப் பாருங்கள்: துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல்போல் கிளைத்திருந்தால் பூஞ்சை. புகை படிந்தாற்போல் சீராக மங்கியிருந்தால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது, அதைத் துடைத்து மீட்கலாம். விளிம்பில் வானவில் நிறத் திட்டு இருந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதைத் தொடாதீர்கள். பிறகு துவாரத்தை எஃப் 16க்கு வைத்து, தகடுகளை இயக்கும் பின்நெம்பை விரலால் தள்ளி விடுங்கள். தகடுகள் சட்டென்று பாய வேண்டும். சோம்பினால் எண்ணெய். பூஞ்சையைத் துடைத்தாலும் அது மேற்பூச்சை அரித்த தடம் நிற்கும். கதவைப் பார்த்து எடுக்கும்போது அந்தத் தடம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மேற்பூச்சையும் பாருங்கள். பல அடுக்குப் பூச்சு 1970களில்தான் பரவலானது. கெனன் எஃப்டியில் எஸ்.எஸ்.சி., ஒலிம்பஸில் எம்.சி. என்று முன்வளையத்தில் பொறித்திருப்பது அதைத்தான். பிந்திய நிக்கோர்களில் அப்படிப் பொறிப்பதில்லை, ஆனால் பூச்சு இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதத்தை 45 சதவீதத்தை ஒட்டி வைத்தால் அது நம்மைவிட அதிக காலம் இருக்கும்.

ஒரு மறுப்பு மிச்சம். இதற்கெல்லாம் பழைய லென்ஸ் ஏன்? 2015இல் வந்த சோனியின் எஃப்ஈ 28 எஃப் 2, தானே ஃபோகஸ் செய்யும், 200 கிராம்தான், முழுத் திறப்பில் மேலே சொன்ன எந்த எஃப் 2 பழசையும்விடத் தெளிவு. அதன் கோட்டு வளைவைக் கெமராவின் மென்பொருள் திருத்திக்கொள்கிறது, அது குற்றமுமில்லை. பணம் இருப்பவர் அதையே வாங்கட்டும். அவரைத் தடுக்க என்னிடம் வாதமில்லை. "பழைய கண்ணாடியின் ஆன்மா" என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. பழசுக்கு இரண்டே நியாயங்கள். ஒன்று, விலை. மற்றது, தூர அளவுகோல். இரண்டு மீற்றரில் வைத்து, எஃப் 4இல் விட்டுவிட்டால், ஒன்றரை மீற்றரிலிருந்து ஏறத்தாழ 2.9 மீற்றர் வரை எல்லாம் தெளிவு. அதன்பின் கெமரா எதையும் தேடாது, எடுப்பவர் கண் வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

ஆகத் தீர்ப்பு இது. ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர் லயத்துக்குள் பகலில் வேலை செய்ய வாங்க வேண்டியது நிக்கோர் 28 எஃப் 2.8 ஏஐ-எஸ், தூர அளவுகோலில் 0.2 பொறித்தது, உள்ளே சுத்தமானது. எஃப் 2இல் மிச்சமாகும் ஒரு ஸ்டொப்பை ஆழமும் கதவு வெளிச்சமும் பங்குபோட்டுக்கொண்டு போய்விடுகின்றன. பிறகு கையில் நிற்பது விலைச்சீட்டு மட்டும். 24உம் 20உம் அறையைப் பற்றிப் பொய் சொல்வதால் விலை குறைந்தாலும் வேண்டாம். ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர் பழைய அகலக் கோணத்தின் பக்கமே போக வேண்டாம்.

ஒரே ஒரு நிலையில் இந்தத் தீர்ப்பை நானே திருப்பி எழுதுவேன். உங்கள் வேலை மாலை ஆறுக்குப் பிறகுதான் தொடங்குகிறதென்றால், மாசியில் இரவிரவாக நடக்கும் காமன் கூத்தோ தீமிதியோ உங்கள் பாடமென்றால், எஃப் 2.8க்கு ஐஎஸ்ஓ 12800 கேட்கும் இடத்தில் எஃப் 2 6400ஓடு நின்றுவிடும். அங்கே ஆடுகிறவர் ஒருவர், பின்னால் இருட்டு. 63 சென்ரிமீற்றர் அவருக்கு ஏராளம், கசிந்து கெடுக்கக் கதவும் இல்லை. அப்போது ஸுயிகோ 28 எஃப் 2ஐத் தேடி வாங்குங்கள், கேட்கும் விலையைக் கொடுங்கள்.